கரையோர டால்பின் ஆய்வில் களத் தன்னார்வலராகச் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் டால்பின் கணக்கெடுப்புக்குப் போகும் குழுக்களோடு சில வாரங்களோ மாதங்களோ வேலை செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கோவாவிலோ மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க்கிலோ சேரப்போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். காற்றும் படகும்தான் ஊருக்கு ஊர் மாறும்.

கள உதவியாளருக்கு உண்மையில் என்ன வேலை?

தண்ணீரைப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, எழுதியதைக் கணினியில் ஏற்றுவது. வழக்கமான நாள் விடிவதற்கு முன்பே தொடங்கும். வெளிச்சம் வந்ததும் படகு கிளம்பும். பத்து, பதினோரு மணிக்குக் காற்று ஏறியதும் திரும்பும். அதற்குப் பிறகு கருவிகளை நல்ல தண்ணீரில் துடைப்பது, பேட்டரிகளைச் சார்ஜ் போடுவது, ஜி.பி.எஸ். தடத்தையும் கேமரா அட்டையையும் இரண்டு இடங்களில் நகலெடுப்பது, தரவுத்தாளை அன்றைக்கே தட்டச்சு செய்வது எல்லாம் இருக்கும். கடலில் ஒரு மணி நேரம் என்றால் கரையில் குறைந்தது ஒரு மணி நேர வேலை சேர்ந்தே வரும். படங்கள் நிறைய எடுத்த நாளில் அது இரண்டாகும்.

டால்பினோடு நீந்துவது, தொடுவது, உணவு போடுவது இவற்றில் எதுவும் கிடையாது. அப்படி ஏதாவது விளம்பரத்தில் கண்டால் அது ஆய்வு அல்ல.

ஒன்றுமே தென்படாத நாள் வீண்தானே?

இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். டால்பின் எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதைக் கணக்கிட, எத்தனை முறை பார்த்தோம் என்பதோடு எவ்வளவு தூரம் தேடினோம் என்பதும் வேண்டும். 60 கி.மீ. தேடி மூன்று கூட்டம் பார்த்தால் கிலோமீட்டருக்கு 0.05. 20 கி.மீ. தேடி அதே மூன்று என்றால் 0.15, அதாவது மூன்று மடங்கு. தேடிய தூரத்தை எழுதாமல் விட்டால் இரண்டு இடமும் ஒன்றாகவே தெரியும்.

அதனால்தான் தாளில் "தேடலில்", "தேடலில் இல்லை" என்று ஒரு பத்தி இருக்கும். சாப்பிட நிறுத்தினாலும், வலைப்படகு ஒன்றின் அருகே பேசப் போனாலும், எல்லோரும் ஒரே டால்பின் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த நேரம் "தேடலில் இல்லை". அந்த மாற்றத்தை நிமிடத்தோடு குறிக்கிறவர்தான் நல்ல பதிவாளர். கண் கூர்மை பழகப் பழக வந்துவிடும். இந்தப் பழக்கம் சிலருக்குக் கடைசிவரை வருவதில்லை.

எந்தெந்த இனங்களைப் பார்க்கலாம்?

கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில் முக்கியமானது ஹம்ப்பேக் டால்பின். முதுகுத் துடுப்புக்குக் கீழே திமில்போல ஒரு மேடு இருக்கும். மேலே வரும்போது நீண்ட அலகு முதலில் தண்ணீரை விட்டு வெளியே எழும். இந்தியப் பெருங்கடல் ஹம்ப்பேக் 2014இல்தான் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். கரைக்கு இவ்வளவு அருகில் வாழ்வதால் வலையும் துறைமுகமும் கழிவும் எல்லாமே அதன் வழியில்தான்.

இந்தோ-பசிபிக் பாட்டில்நோஸுக்குத் திமில் இல்லை. துடுப்பு பின்னோக்கி வளைந்திருக்கும். வயதானவற்றுக்கு வயிற்றில் புள்ளிகள் உண்டு. ஸ்பின்னர் ஆழ்கடல் பக்கம் பெருங்கூட்டமாகப் போகும். உடலைச் சுழற்றித் துள்ளினால் சந்தேகமே வேண்டாம்.

தவறவிடப்படுவது முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றி. சிறிய உடல், துள்ளாது, ஒன்றிரண்டாகத்தான் திரியும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் இருக்கும்போதுதான் கண்ணில் படும். பாக் விரிகுடாவில் கடற்பசுவும் உண்டு. 2022இல் அங்கே 448 சதுர கி.மீ. பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவுக்கும் முதுகில் துடுப்பு கிடையாது. மூக்குத்துளைகள் முகத்தின் முன்னால் இருக்கும். கடற்பன்றிக்கு மூச்சுத்துளை தலை உச்சியில். இரண்டில் எது என்று உறுதியில்லாவிட்டால் "அடையாளம் தெரியாத சிறு பாலூட்டி" என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயர் வெற்றிடத்தைவிடக் கெடுதல்.

எந்த மாதங்களில் வரலாம்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரு பக்கமும் ஓரளவு அமைதி. அதற்குப் பிறகு கச்சான் என்னும் மேல்காற்றும் சோழகம் என்னும் தென்காற்றும் வீசத் தொடங்கினால் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வாடைக்காலத்தில் பாக் விரிகுடா கெடும். மண்டபம், பாம்பன் மீனவர்கள் தென்கடல் கெட்டால் வடகடல், வடகடல் கெட்டால் தென்கடல் என்று மாறிப் போவதும் இதனால்தான். ஆய்வுக் குழுவால் அப்படி மாற முடியாது, ஏனென்றால் படகு போக வேண்டிய கோடுகள் முன்பே வகுக்கப்பட்டவை. ஆகவே ஜூலையில் மன்னார் வளைகுடாவுக்கு வந்தால் வாரக்கணக்கில் கரையிலேயே படம் பிரித்துக்கொண்டிருக்க நேரலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். என்ஜின் சத்தமும் இழுவலையும் குறையும். அந்த 61 நாட்களில் எடுத்த தரவை மற்ற மாதங்களோடு கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. பாக் விரிகுடாவில் விசைப்படகு நாள், நாட்டுப்படகு நாள் என்று வாரத்தைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அன்று எந்த நாள் என்பதையும் தாளில் குறியுங்கள்.

அனுமதி யார் வாங்க வேண்டும்? நான் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

டால்பின், திமிங்கிலம், கடற்பசு எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1இல் உள்ளவை. ஆய்வு அனுமதியை மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் வாங்குவது குழுத் தலைவரின் பொறுப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால் அனுமதியின்றி எந்தத் தீவிலும் கால் வைக்கக் கூடாது. குடிக்கத் தண்ணீர் தீர்ந்தது, மழை வந்தது என்பதெல்லாம் காரணமாகாது.

கடலுக்குப் போகும் பட்டியலில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஆதார் அட்டை எப்போதும் நெகிழி உறையில் உடன் இருக்கட்டும். கடலோரக் காவல் படையும் கடற்படையும் படகை நிறுத்திச் சோதிப்பது அன்றாடம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, இலங்கைத் தமிழர்கள் உட்பட, தனி அனுமதிகள் தேவைப்படும். எல்லைக் கடல் பக்கத்தில் இருப்பதால் அது தாமதமாகும். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்பதன் வரையறை, விலங்கை விரட்டுவதையும் உள்ளடக்கியது. படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைத் துரத்தச் சொல்லி ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள்.

உயிரியல் படித்திருக்க வேண்டுமா? நீச்சல் தெரிய வேண்டுமா?

பட்டம் கட்டாயமில்லை என்றே பல குழுக்கள் சொல்லும். நீச்சல் வேண்டும். உயிர்க்கவசம் கழற்றாமல் இருப்பது அதைவிட முக்கியம். ஃபைபர் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், நின்று பார்க்கும்போது ஓர் எதிர்பாராத அலை போதும்.

எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். நிறக்குருடு இருந்தால் தயங்காமல் வாருங்கள், துடுப்பை வைத்து டால்பினை அடையாளம் காண்பதில் பெரும்பாலும் வடிவமும் வெட்டுகளும்தான் கணக்கு. தமிழ் பேசத் தெரிந்திருப்பது பெரிய பலம். வெளியூர் ஆய்வாளர்கள் பலருக்கு இல்லாதது அது.

கோட்டுக் கணக்கெடுப்பில் என் இடத்தில் நின்று நான் என்ன செய்ய வேண்டும்?

டிரான்செக்ட் என்று சொல்லப்படும் நேர்கோட்டில் படகு ஒரே வேகத்தில் போகும். முன்னால் இருவர் நிற்பார்கள், ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம். இருவர் பார்வையும் நேர்முன்னே சற்று ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், ஏனென்றால் கோட்டின்மேல் இருப்பதைத் தவறவிட மாட்டோம் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை அனுமானம். நடுவில் பதிவாளர். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். கண் அதற்கு மேல் தாங்காது. சோர்ந்த கண் தண்ணீரை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும், தேடாது.

முதலில் வெறுங்கண்ணால் தேடுங்கள், சந்தேகம் வந்தால் மட்டும் 7×50 தொலைநோக்கி. ஆலாக் கூட்டம் தண்ணீரில் பாய்ந்து விழும் இடம், மீன் கொதிக்கும் இடம் இவற்றைக் கவனிக்கலாம். ஆனால் பறவைகளை மட்டுமே பார்த்தால் இரை தேடாமல் ஓய்வெடுக்கும் கூட்டங்கள் கணக்கில் குறைந்துபோகும்.

டால்பின் தெரிந்ததும் உரக்கச் சொல்ல வேண்டியவை மூன்று: கோணம், தூரம், எண்ணிக்கை. கோணத்தைக் கோணப்பலகையில் வாசியுங்கள், ஊகிக்காதீர்கள். 200 மீட்டரில் 10 பாகைக் கோணத்தில் இருந்த விலங்கு, கோட்டிலிருந்து சுமார் 35 மீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் "நேரே முன்னால்" என்று சொல்லிவிட்டால் அந்த 35 பூஜ்யமாகிவிடும். இப்படி நிறையப் பேர் பூஜ்யத்துக்கு இழுத்தால் கணிப்பில் டால்பின்கள் இருப்பதைவிட அதிகமாகிவிடும். தூரத்தை எப்போதும் 50, 100, 200 என்று முழு எண்ணாகவே சொல்வதும் இதே வகைக் கேடு.

மிக முக்கியம், முதலில் பார்த்த இடத்தைச் சொல்வது. டால்பின்கள் படகை நோக்கி வரும், சில நேரம் விலகியும் போகும். பிறகு அளந்தால் படகு அவற்றை நகர்த்திய இடத்தைத்தான் அளப்பீர்கள்.

கடல் நிலையை ஏன் அரை மணிக்கு ஒருமுறை எழுத வேண்டும்?

காற்றையும் அலையையும் எண்ணால் சொல்லும் போஃபர்ட் அளவு 0 அல்லது 1இல் கடற்பன்றி தெரியும். 2க்கு மேல் போனால் அது கடலில் இருந்தாலும் உங்களுக்கு இல்லை. ஹம்ப்பேக்கை 3 வரை பார்க்கலாம். அங்கங்கே வெண்நுரை தலைகாட்டினால் 3 என்று கொள்ளுங்கள். பெரும்பாலான குழுக்கள் அதற்கு மேல் கணக்கெடுப்பை நிறுத்திவிடும். சூரிய ஒளி தண்ணீரில் கூசும் பகுதியை எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம் வரை என்று எழுதுங்கள். அந்தப் பக்கம் நின்றவர் குறைவாகப் பார்த்ததற்குக் காரணம் பிறகு தெரிய வேண்டும்.

எத்தனை இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது? ஒரே நேரத்தில் எல்லாம் மேலே வருவதில்லையே.

அதனால்தான் மூன்று எண்கள்: குறைந்தபட்சம், அதிகபட்சம், உங்கள் சிறந்த மதிப்பீடு. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்வதைக் கேட்கும் முன் தனித்தனியாக எழுத வேண்டும். மூத்தவர் "பன்னிரண்டு" என்றதும் எல்லோர் தாளிலும் பன்னிரண்டு விழுந்துவிடுவது எந்தக் குழுவிலும் நடப்பதுதான்.

எதைக் கூட்டம் என்பது என்பதையும் முதல் நாளே கேளுங்கள். சில ஆய்வுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்று 10 மீட்டருக்குள் இருந்தால் ஒரே கூட்டம். வேறு சிலவற்றில் 100 மீட்டர். விதி மாறினால் எண்ணிக்கையும் மாறும். குட்டிகளைத் தனியாக எண்ணுங்கள். தாயின் பக்கத்தை விட்டு அகலாமல், நீளத்தில் பாதியளவு இருப்பவை. உடலில் செங்குத்தான வெளிர் மடிப்புக் கோடுகள் தெரிந்தால் பிறந்து சில வாரங்களே ஆனது.

துடுப்புப் படம் எடுப்பது எப்படி? சொந்தக் கேமரா வேண்டுமா?

பல டால்பின்களின் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகளும் பிசிறுகளும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். அதை வைத்துத்தான் யார் யார் என்று பிரித்து, மறுபடி பார்த்ததை வைத்து மொத்த எண்ணிக்கையைக் கணிக்கிறார்கள். கேமரா பெரும்பாலும் குழுவுடையதாக இருக்கும். சொந்தமாகக் கொண்டுவருவதானால் 100–400 மி.மீ. லென்ஸ் போதும். முக்காலி வேண்டாம், படகில் அது அதிர்வைத்தான் கூட்டும்.

ஷட்டர் 1/1600 அல்லது அதைவிட வேகம், துளை எஃப் 8 அளவில், ஐ.எஸ்.ஓ. தானியங்கி, குவியம் தொடர் முறையில் நடுப்புள்ளி மட்டும். பல புள்ளிகளைத் திறந்து வைத்தால் கேமரா துடுப்பை விட்டுவிட்டு முன்னால் தெறிக்கும் தண்ணீரைப் பிடிக்கும். துடுப்பு உங்களுக்குச் சரியாகப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். 30 பாகை திரும்பினாலே வெட்டின் ஆழம் தவறாகத் தெரியும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி படகைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிழலுருவப் படத்தில் வெட்டு தெரியும், தழும்பு தெரியாது.

இனி வருவது தொழில்முறைப் புகைப்படக்காரர்களே சறுக்கும் இடம். பெரிய வெட்டுள்ள, "அடையாளம் தெரிந்த" டால்பினையே தேடித் தேடி எடுக்காதீர்கள். எதிரே வருவதையெல்லாம் ஒரே அளவு அக்கறையோடு எடுங்கள். தழும்பில்லாத துடுப்புகள் எத்தனை சதவீதம் என்பது தெரிந்தால்தான், அடையாளம் காணக்கூடியவற்றின் எண்ணிக்கையிலிருந்து மொத்தத்துக்குப் போக முடியும். அழகான துள்ளல் படம் ஆய்வுக்குப் பயன்படாது. தெளிவான, சலிப்பூட்டும் ஒரு துடுப்பு பயன்படும்.

ஒரு கூட்டம் முடிந்ததும் உள்ளங்கையையோ தரவுத்தாளையோ ஒரு படம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாலையில் எந்தப் படம் எந்தக் கூட்டத்தோடு சேர்ந்தது என்று தெரியாமல் விழிக்க வேண்டும். கிளம்பும் முன் ஜி.பி.எஸ். திரையில் ஓடும் நேரத்தையும் ஒருமுறை படம் எடுங்கள், கேமரா கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று பிறகு திருத்த அதுதான் சாட்சி.

கரையில் தரம் பிரிக்கும்போது படத்தின் தரமும் துடுப்பின் தனித்தன்மையும் இரண்டு தனி மதிப்பெண்கள். மங்கலான படத்தில் பெரிய வெட்டு தெரிகிறது என்று தரத்தைக் கூட்டிக் கொடுக்கக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பொருத்திப் பார்த்த பிறகே புதிய எண் கொடுப்பார்கள். கணினி நிரல்கள் சாத்தியமானவற்றை வரிசைப்படுத்தித் தரும். முடிவு மனிதருடையது.

தரவுத்தாளில் அடிக்கடி என்ன தவறு நடக்கிறது?

முதலிடம் ஆயத்தொலைவுக்கு. ஜி.பி.எஸ். கருவி 9 பாகை 15.5 நிமிடம் என்று காட்டும். ஒருவர் அதை 9.155 என்று எழுதிவிடுவார். சரியான தசம வடிவம் 9.2583, ஏனென்றால் 15.5ஐ 60ஆல் வகுக்க வேண்டும். வித்தியாசம் சுமார் 11 கி.மீ. மண்டபம் கரையோரம் பார்த்த டால்பின், வரைபடத்தில் தீவுகளையும் தாண்டித் தெற்கே நடுக்கடலில் போய் நிற்கும். கருவியின் வடிவத்தை முதல் நாளே தசமப் பாகைக்கு மாற்றி, தாளின் தலைப்பிலும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது நேரம். ஜி.பி.எஸ். தடக்கோப்பு உலகப் பொது நேரத்தில் சேமிக்கும், நாம் 5.30 மணி நேரம் முன்னால். காலை 7.10க்கு எடுத்த படம் 1.40க்கு எடுத்த தடத்தோடுதான் பொருந்தும். இது தெரியாமல் "தடம் தொலைந்துவிட்டது" என்று பதறுவார்கள்.

பேனா வேண்டாம். உப்புத்தண்ணீர் பட்டால் மை ஓடும். 2பி பென்சில், நீர் ஊறாத தாள். தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். வெற்றிடம் விடாதீர்கள்: பார்த்தும் இல்லையென்றால் 0, பார்க்கவேயில்லையென்றால் கோடு. இரண்டும் ஒன்றல்ல.

குமட்டல் வருமே?

வரலாம், பலருக்கு முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பண்டமும் கூடாது. இட்லி நல்லது. மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பல மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், ஆகவே மருத்துவரிடம் கேட்டு, கரையில் இருக்கும் நாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். படகில் குனிந்து எழுதுவதும் கேமராத் திரையைப் பார்ப்பதும் குமட்டலைக் கிளப்பும். அப்போது பதிவாளர் இடத்தை மாற்றிக்கொண்டு அடிவானத்தைப் பாருங்கள். பெட்ரோல் வாடை அமரத்தில், அதாவது படகின் பின்பகுதியில்தான் அதிகம், அங்கே உட்காராதீர்கள். சொல்லாமல் அடக்கிக்கொண்டு தாளை மோசமாக எழுதுவதைவிடச் சொல்லிவிடுவது நல்லது.

படகில் கழிப்பறை உண்டா? பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சிறிய ஃபைபர் படகில் கிடையாது. நான்கைந்து மணி நேரம் கடலில் இருக்க வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான் வருகின்றன. மூடியுள்ள வாளி, மறைப்புத் துணி, அந்த நேரத்தில் ஆண்கள் அணியத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும் ஏற்பாடு இவற்றை முதல் நாள் கரையிலேயே பேசி முடியுங்கள். ஓட்டுநரிடம் குழுத் தலைவர் சொல்லிவைப்பது நல்லது. மாதவிடாய் நாட்களில் கரையில் இருந்து படம் பிரிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கடலுக்குப் போகவும் தடையில்லை. குழுவில் நீங்கள் ஒருவர் மட்டும் பெண் என்றால் தங்குமிடம் எப்படி என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்.

என்ன கொண்டுவர வேண்டும், எதைக் கொண்டுவரக் கூடாது?

தாடைக் கயிறுள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, துருவமுனைவுக் கண்ணாடி (சாதாரணக் கறுப்புக் கண்ணாடி கூசலை வெட்டாது), ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஈரம் புகாத பை. செருப்பு நழுவும், பின்பட்டையுள்ளதைப் போடுங்கள்.

சாட்டிலைட் தொலைபேசியும் சாட்டிலைட் வழிச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளும் இந்தியாவில் உரிமமின்றி வைத்திருக்கக் கூடாதவை. வெளிநாட்டிலிருந்து மலையேற்றப் பழக்கத்தில் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. டிரோனையும் விட்டுவிட்டு வாருங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554, கரையோரப் பாதுகாப்புக் காவலின் 1093. இரண்டையும் கிளம்பும் முன் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

மீனவர்களிடம் பேட்டி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அவர்கள் ஓங்கிலை, அதாவது டால்பினை, உங்களைவிட அதிகம் பார்த்தவர்கள். ஆனால் வலையில் ஓங்கில் செத்தால் வழக்கு வரும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு, அது நியாயமான பயம். "உங்கள் வலையில் எத்தனை மாட்டியது?" என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடியும். படகு, வலை, கண்ணி அளவு, எந்த ஆழம் என்று அவர்களுடைய தொழிலிலிருந்து தொடங்குங்கள். பெயரோ படகு எண்ணோ எழுதுவதில்லை என்று சொல்லுங்கள், சொன்னபடி எழுதாமலும் இருங்கள். இனத்தைக் கேட்கப் படங்களைக் காட்டுங்கள், அவற்றில் இந்தக் கடலில் இல்லாத ஓர் இனமும் இருக்கட்டும். எல்லாப் படத்துக்கும் "ஆமாம், பார்த்திருக்கிறேன்" என்பவரின் பதில்களைத் தனியாக எடைபோடலாம்.

நேரம் முக்கியம். மீன் இறக்கி ஏலம் போகும்போது போய் நிற்காதீர்கள். வலை சரிசெய்யும் மதிய வேளைதான் பேச ஏற்றது. தன் வலையைக் கிழித்து மீனைத் தின்றுவிட்டுப் போகிறது என்று ஒருவர் கோபப்பட்டால், பாதுகாப்பின் அவசியம் பற்றி அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். எந்த வலை, எந்த மீன், எவ்வளவு நட்டம் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வுக்குத் தேவையானதும் அதுதான்.

கரை ஒதுங்கிய டால்பினைப் பார்த்தால்?

உயிரோடு இருந்தால் முதலில் வனத்துறைக்குத் தகவல். அவர்கள் வரும்வரை வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டி இடம் விடுங்கள். ஈரத்துணி போர்த்தித் தண்ணீர் ஊற்றுங்கள். மூச்சுத்துளையை மூடாதீர்கள், அதில் தண்ணீர் போகவும் விடாதீர்கள். வாலைப் பிடித்து இழுப்பதுதான் கரையில் கூடும் ஆட்கள் முதலில் செய்வது. முதுகெலும்பு விலகிவிடும், ஆகவே தடுங்கள். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் சத்தத்தை அடக்குவதும் தன்னார்வலரின் பெரிய உதவி.

உடனே கடலுக்குள் தள்ளிவிடுவது எப்போதும் தீர்வல்ல. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. தள்ளிவிட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. 1973 ஜனவரியிலும் அதே கரைப்பகுதியில் பெருங்கூட்டம் ஒதுங்கியது பதிவாகியிருக்கிறது.

செத்ததாக இருந்தால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், புரூசெல்லா போன்ற கிருமிகள் மனிதருக்கும் தொற்றும். இடம், நேரம், இரு பக்கப் படங்கள், தலை, பற்கள், இனவுறுப்புப் பகுதி, துடுப்பு இவற்றை அளவுகோலோடு படம் எடுங்கள். நீளம் மேல்தாடை நுனியிலிருந்து வால் துடுப்பின் நடுப்பிளவு வரை, நேர்கோட்டில். உடலின் வளைவோடு நாடாவைப் படியவைத்து அளந்தால் கூடுதலாக வரும். உடல் நிலைக்கு 1 முதல் 5 வரை எண்: 1 உயிரோடு, 2 புதிதாகச் செத்தது, 3 ஊதத் தொடங்கியது, 4 அழுகிச் சிதைந்தது, 5 தோலும் எலும்பும். வலை வெட்டிய கோடுகள், அறுத்தெடுத்த துடுப்பு போன்றவற்றைத் தனியாகக் குறியுங்கள். ஆனால் "வலையில் செத்தது" என்று முடிவு எழுதாதீர்கள். கண்டதை எழுதுங்கள், காரணத்தை உடற்கூறாய்வு சொல்லட்டும்.

ஒரு பல்லையோ எலும்பையோ நினைவாக எடுத்து வைத்துக்கொள்வது குற்றம். அட்டவணை 1 விலங்கின் எந்தப் பாகத்துக்கும் இது பொருந்தும்.

ஒலிப்பதிவு வேலையும் இருக்குமா?

சில குழுக்களில். நீருக்கடியில் ஒலி பிடிக்கும் ஹைட்ரோஃபோனை இறக்கும்போது என்ஜினை அணைத்து, படகின் சங்கிலி, வாளி எல்லாவற்றையும் அசையாமல் வையுங்கள். டால்பினின் சீழ்க்கை காதுக்குக் கேட்கும். கடற்பன்றியின் சொடுக்கொலி 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, நமக்குக் கேட்கவே கேட்காது. அதைப் பிடிக்க, பதிவின் மாதிரி வேகம் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) அந்த அலைவெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்துவிட்டு "கடற்பன்றி இல்லை" என்று எழுதுவது வீண்.

சம்பளம் உண்டா? சிலர் பணம் கட்டச் சொல்கிறார்களே?

குறுகிய காலத் தன்னார்வலருக்குப் பெரும்பாலும் சாப்பாடும் தங்குமிடமும்தான். ஆறு மாதம், ஓராண்டுக் கள உதவியாளர் வேலைக்குத் திட்டத்திலிருந்து ஊக்கத்தொகை கிடைக்கும். படகு, டீசல் செலவுக்காகத் தன்னார்வலரிடம் பங்கு கேட்பது உலகெங்கும் உள்ளது, அதனாலேயே அது மோசடியாகிவிடாது. ஆனால் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஆய்வு அனுமதி யார் பெயரில்? ஆய்வின் கேள்வி என்ன? இதுவரை வெளியான அறிக்கையோ கட்டுரையோ எது? நான் எழுதும் தாள் கடைசியில் எங்கே போகும்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால், அது ஆய்வுச் சட்டை போட்ட டால்பின் சுற்றுலா. விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

முன்னனுபவத்துக்கு வேறு எங்கே போகலாம்?

ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஐராவதி டால்பின்கள் உண்டு, அங்கே ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வேல்ஸில் நியூ குவேயிலிருந்து இயங்கும் சீ வாட்ச் அறக்கட்டளை, கரையிலிருந்தும் படகிலிருந்தும் பார்க்கத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறது. ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் 1970 முதல் ஒரே பாட்டில்நோஸ் சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள், பயிற்சிக்கும் ஆள் எடுக்கிறார்கள். எங்கே பழகினாலும் விதிகள் மாறும் என்பதால், அங்கே கற்ற கூட்ட வரையறையை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள்.

எங்கும் போக முடியாவிட்டால் மெரினாவிலோ உங்கள் ஊர்க் கரையிலோ நின்று பறக்கும் ஆலாக்களைத் தொடர்முறைக் குவியத்தில் எடுத்துப் பழகுங்கள். நங்கூரமிட்ட படகின் தூரத்தை ஊகித்து எழுதி, பிறகு கைபேசி வரைபடத்தில் அளந்து பாருங்கள். தண்ணீர்மேல் தூரத்தைப் புதியவர்கள் எவ்வளவு தவறாகச் சொல்கிறோம் என்பது அரை மணி நேரத்தில் தெரியும்.

எடுத்த படங்களை இணையத்தில் போடலாமா? கட்டுரையில் என் பெயர் வருமா?

படங்கள் பொதுவாகத் திட்டத்தின் உடைமை. சேரும்போது கையெழுத்திடும் தாளில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அனுமதி கிடைத்துப் போட்டாலும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். குட்டியோடு தங்கும் கூட்டம் ஒன்றின் இடம் வெளியே தெரிந்தால், அடுத்த ஞாயிறே சுற்றுலாப் படகுகள் அங்கே போய் நிற்கும். தாள் நிரப்பியதற்கு நன்றிப் பகுதியில் பெயர் வரும். இணை ஆசிரியர் இடம் வேண்டுமானால் பகுப்பாய்விலோ எழுத்திலோ பங்கு வேண்டும், அதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். சான்றிதழில் "தன்னார்வலர்" என்று மட்டும் போடாமல் எத்தனை மணி நேரம் கடலில், எந்த முறையில், எந்தக் கருவியோடு வேலை செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வரிகளைத்தான் படிப்பார்கள்.